முப்பத்தஞ்சு புள்ளி ஆறு

அதை மட்டும் அடிச்சிராதீங்க தம்பி. மத்ததையெல்லாம் அடிங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். முதல்ல அந்தச் செவப்புப் பேனாவைக் கீழ வைங்க. நீங்க படகை விட்டு எறங்கினப்பவே பாத்தேன், வாந்தி எடுத்து எடுத்து மொகம் பச்சையாக் கெடந்துச்சு. அப்பவும் பேனாவை மட்டும் விடலை. அதான் படிப்பு. இந்தாங்க, மோபி குடிங்க. மரப்பட்டையக் காய்ச்சுனது. கசக்கும். இந்த வீட்டுல எல்லாமே கொஞ்சம் கசக்கும், என் வாயையும் சேத்து.

என்ன சொன்னீங்க? நோட்டு முழுக்க முப்பத்தொரு வருசமா ஒரே கையெழுத்து, கடைசி வரியில எண் மட்டும் வேற கை. அந்த எண்ணும் நோட்டுலயே பெருசு. அதனால நம்ப முடியாது, அடிச்சிரலாம். அடேங்கப்பா! ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஏசி ரூம்ல உக்காந்துகிட்டே எங்க வெயிலைப் பொய்யின்னு கண்டுபுடிச்சிட்டீங்களே.

யாரு, எங்க வீட்டுக்காரரா? ஹில்ராய்கிட்ட நேர்லயே கேக்கணுமா? அவர் இப்ப வர்ற மாதிரி இல்ல. என்கிட்ட கேளுங்க. உங்க வானிலை ஆபீஸ் கடுதாசில அவரைப் பத்தி என்ன போட்டிருக்கு? பணியிலிருந்து விலகினார். ம். நல்லா விலகினார்.

அந்தா, மேட்டு மேல நாலு கால்ல வெள்ளையா ஒரு தர்மாமீட்டர் பொட்டி நிக்குதே, அதான் அவரோட மூத்த பொண்டாட்டி. நான் ரெண்டாந்தாரம். காலையில எட்டு மணி, மதியம் ரெண்டு மணி. கதவைத் தெறந்து தர்மாமீட்டரைப் பாத்து எழுதணும். மழையா, ஜொரமா, புயலா, ஒண்ணும் கணக்கில்ல. எங்க கல்யாணம் ஒண்ணரை மணிக்கு. பாதிரியார் பிரசங்கத்தை இழுக்கிறார், இவர் கடியாரத்தைப் பாக்குறார். திடீர்னு கோட்டு சூட்டோட வெளிய ஓடிட்டார். மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான்னு எங்கம்மா மயக்கம் போட்டுருச்சு. கால் மணி நேரம் கழிச்சு வேர்க்க வேர்க்க வந்து நின்னு, என் காதுல மெதுவா, இருபத்தொம்பது புள்ளி ஒண்ணுங்கிறார். அப்புறந்தான் மோதிரம் போட்டார்.

சிரிங்க, சிரிங்க. ஊரே இன்னும் சிரிச்சுட்டுத்தான் இருக்கு.

என்னது, பொட்டி மேல வேற பெயிண்ட் இருந்திருக்குமா? ஓஹோ, அதையும் கண்டுபுடிச்சாச்சா. இருந்துச்சு. ரோஸ். ஆனா அது பதினாலு வருசத்துக்கு முந்தி. கிறிஸ்மஸ்னா இங்க எல்லாரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்போம். அடிக்காட்டி அந்த வீட்டுல யாருக்கோ சீக்குன்னு பேசுவாங்க. அந்த வருசம் வீட்டுக்கு ரோஸ். அரை டப்பா மிச்சம். இவர் துறைமுகத்துக்குப் போயிருந்தார், லண்டன்லேர்ந்து அவர் தங்கச்சி கிறிஸ்மஸ் சாமான் அடைச்சு அனுப்பிச்ச பீப்பாயத் தூக்கியார. சரி, மூத்தவளுக்கும் ஒரு புதுச் சட்டை போட்டு விடுவோம், மனுசன் சந்தோசப்படுவான்னு நெனச்சு நானே அடிச்சேன். ரெண்டு மணிக்கு வந்து பாத்தவர் பொணத்தைப் பாத்த மாதிரி நின்னார். என்னையத் திட்டக்கூட இல்ல. நோட்டை எடுத்து எழுதினார். அந்தப் பக்கத்தைப் புரட்டுங்க, குறிப்புன்னு இருக்கிற கட்டத்துல பாருங்க. டிசம்பர் இருபத்திமூணு முதல் பொட்டி ரோஸ் நிறம். காரணம்: மனைவி.

பாத்தீங்களா? அரசாங்க நோட்டுல என் பேர் வந்தது அந்த ஒரு தடவைதான். வெரோனாங்கிற பேர்கூட இல்ல, மனைவி.

கடைத்தெரு பூரா வெள்ளைப் பெயிண்ட் இல்ல. பெரிய தீவுலேர்ந்து படகுல வரப் பதினேழு நாளாச்சு. சுரண்டி எடுத்துட்டு மறுபடி வெள்ளை அடிச்சார். ரோஸ் வெயிலை இழுத்து, அந்தப் பதினேழு நாளும் ஒரு டிகிரி அதிகமாக் காட்டுச்சு. அதை அடிங்க, தாராளமா அடிங்க. என் தப்பு. அவரே அடிக்கச் சொல்லித்தான் எழுதி வெச்சிருக்கார். தப்பு நடந்தா இந்த நோட்டு தானே சொல்லிரும் தம்பி. நீங்க கடல் தாண்டி வரணும்னு இல்ல.

நானும் கேலி பண்ணினவதான். இத்தனை வருசம் எழுதி என்னய்யா கண்டேன்னு கேட்டா, முக்கால் டிகிரி ஏறியிருக்கு, வெரோனாம்பார். முக்கால் டிகிரி! என் அடுப்புக்கே அது போதாதேம்பேன். ஆனா பாருங்க, ஜனவரி மாசம் விடியக்காலம் குளிரும்னு ஒரு போர்வை வெச்சிருந்தோம். கடைசியா அதை எப்ப விரிச்சேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. பூச்சிதான் தின்னுச்சு. இதை அவர்கிட்ட நான் சொல்லலை. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சுக்குவார்ல.

சரி, அந்த நாளைக் கேளுங்க. மூணு வருசத்துக்கு முந்தி, செப்டம்பர். வடக்க ஒரு புயல் போச்சு. எங்களைத் தொடலை. போறப்ப எங்க காத்தை மட்டும் உறிஞ்சிட்டுப் போயிருச்சு. நாலு நாளா இலை அசையலை. கோழியெல்லாம் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. இவருக்கு எழுவத்தோரு வயசு. ரெண்டு மணிக்குத் தொப்பியத் தேடுறார். நான் துவரை உரிச்சுக்கிட்டே, ஏன்யா, சூரியன் உன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் எறங்கப் போகுதான்னு கேட்டேன். பத்து நிமிசம்னார். போனார்.

இருபது நிமிசம் ஆச்சு. வாயில வந்த வசவையெல்லாம் சேத்துக்கிட்டே மேடு ஏறினேன். பொட்டிக் கால்ல சாஞ்சு உக்காந்திருக்கார். மடியில நோட்டு. தேதி எழுதியிருக்கார், ரெண்டு மணின்னு எழுதியிருக்கார். அதுக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்ல. தொட்ட ஒடனே தெரிஞ்சு போச்சு.

நான் யாரையும் கூப்பிடலை. பக்கத்து வீட்டு எஸ்மினைக் கூப்பிட்டா ஊரே வந்துரும். ஆளாளுக்குப் பொட்டியச் சுத்தி நின்னு மூச்சு விடுவாங்க, சூடாயிரும். பொட்டிக் கதவு வேற தெறந்தே கெடந்துச்சு. வடக்குப் பாத்த கதவு, வெயில் படலை. இருந்தாலும் சாத்தினேன். தெறந்து கெடந்தா சாத்திட்டுப் பத்து நிமிசம் பொறுக்கணும்பார். பொறுத்தேன். அவர் பக்கத்துலயே உக்காந்து, அவர் கையிலிருந்த கடியாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் எந்திரிச்சு, கண்ணுக்கு நேரா வெச்சுப் பாத்தேன். தர்மாமீட்டர் மேல மூச்சுப் படக்கூடாதும்பார். எனக்கு அப்ப மூச்சே வரலை, வசதியாப் போச்சு. முப்பத்தஞ்சு புள்ளி ஆறு. ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் எழுதினேன். எழுதி முடிச்சுட்டு எஸ்மினைக் கூப்பிட்டேன்.

டாக்டர் நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்தார். வெயில்னு எழுதுங்கன்னேன், அதுக்கு அந்தக் காயிதத்துல கட்டம் இல்லையாம். வெயில்னு எழுதியிருக்கிறது இந்த ஒரு எடத்துலதான்.

அட, ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. மோபியக் குடிச்சு முடிங்க.

அந்த வரியில ஒரு தப்பு இருக்கு, நானே சொல்லிடறேன். அவர் ரெண்டு மணின்னு எழுதியிருக்கார்ல? நான் பாத்தது ரெண்டு முப்பத்தி மூணுக்கு. பேனாவை எடுங்க. அதை மட்டும் திருத்திக்குங்க.