செண்பகத்துக்குப் போடாத ஊசி

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசுகிறவள் அல்ல. அடையாறில் எங்கள் மருத்துவமனையில் நீங்கள் யாரை விசாரித்தாலும் ஹம்சினி பரம சாது என்றுதான் சொல்வார்கள், ஐயா.

நான் அங்கே கிளினிக்கல் பார்மசிஸ்ட். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளுக்குக் காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதியிருக்கிறார்களா என்று வார்டு வார்டாகப் போய்ப் பார்ப்பேன். விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்வேன். சொல்லத்தான் முடியும்; எழுத வேண்டியவர்கள் அவர்கள். எலும்பு டாக்டர் ராகவேந்திரன் ஒருநாள் நர்ஸுகள் முன்னால், "மாத்திரை எண்ணுற வேலையோட நிறுத்திக்கோங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எழுதுவார். நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததாலேயே நான் சொன்னது வெட்டி வேலை என்றாகிவிடும். வராத நோயை எப்படிக் காட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

செண்பகம் ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தார். அறுவைக்காக நிறுத்திய ஊசியை மறுபடி எழுத ராகவேந்திரன் மறந்துவிட்டார். அறுவை முடிந்த அன்றே அதைப் பார்த்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகிறதென்று எல்லோரும் பார்க்கட்டும் என்று இருந்தது.

சில நாள் கழித்து அவர் மகள் கயல் வராந்தாவில் என்னை மறித்தாள்.

"மேடம், அம்மாக்கு ஒரு காலு மட்டும் வீங்கிக்கினு கீது. தொட்டாலே கத்துது. யாராண்ட சொல்றதுன்னே தெரில."

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆபரேஷன் ஆனா இப்படித்தாம்மா வீங்கும். தானா வத்திடும், பயப்படாதே" என்றேன். அது எப்படிப்பட்ட வீக்கம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை செண்பகத்துக்கு மூச்சு திணறியது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. ராகவேந்திரன் ஓடிவந்தார். மருந்துத் தாளைப் புரட்டி அவர் அந்த ஊசியைத் தேடியதை நான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் நான் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஊசி எழுதுகிறார்கள். அதனால் பிழைப்பவர்களையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கயலைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவின் உடலை வாங்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தருதான் மேடம் எங்களாண்ட உக்காந்து பேசினீங்க" என்று அழுதாள். நானும் அழுதேன். பாவம், அந்த ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?