கழற்றிய மோதிரம்

பெசன்ட் நகர் போகும் பஸ் அடையாறு சிக்னலில் நின்றிருந்தது. ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கில்லை. முன் சீட்டு அம்மாவின் குரல் அப்படி. பக்கத்தில் இருபது வயது மகள். அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்:

"நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் எங்கடி?"

"ஐடிஐல போடக்கூடாதும்மா. லேத் சுத்தும்போது மாட்டிக்கிச்சுன்னா விரலே போயிடும். சார் மொத நாளே கழட்டச் சொல்லிட்டாரு."

"கூடப் படிக்கிற பொண்ணுங்கல்லாம் கழட்டிட்டாங்களா?"

"எல்லாரும்தான். வளையல், வாட்ச், துப்பட்டா, எதுவும் மெஷின்கிட்ட வரக்கூடாது. முடியக்கூட தொப்பிக்குள்ள சொருகிக்கணும்."

பச்சை விழுந்தது. பஸ் நகர்ந்தது.

"சரி, மாப்ள வூட்ல கேட்டா இதையே சொல்றேன். ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஐடிஐ லீவு."

"திரும்பப் போட மறந்துட்டேம்மா."

"வளையல் போட்டுகினுகீற. வாட்ச் கட்டிகினுகீற. துப்பட்டாவும் கீது. அது இன்னா, மோதிரம் மட்டும் மறந்துபூடுது?"

மகள் துப்பட்டா நுனியை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டாள்.