நெல் வயலில் இறங்கிய ரேடியோ

முசரவாக்கம் பஸ் நிறுத்தத்தில், தண்ணீர் சொட்டும் தெர்மாகோல் பெட்டியோடு ஒரு கல்லூரிப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"மேகத்துக்கு மேல போய்ட்டு முழுசா இறங்கிச்சுக்கா! நீங்க குடம் குடமா தண்ணி ஊத்தி சாவடிச்சிட்டீங்க!"

எதிரே நின்ற வயல்காரப் பெண்மணியும் விடவில்லை.

"சிவப்பு லைட்டு மின்னிக்கினு என் நெல்லுல கெடந்துச்சு. குண்டுன்னு நெனச்சேன். பக்கத்துலயே புள்ளைங்க நடக்கற வரப்பும்மா!"

"பலூன்ல கட்டி விட்ட ரேடியோக்கா! எங்க இருக்குதுன்னு சிக்னல் அனுப்பும். ஒரு வருஷம் உக்காந்து செஞ்சோம். 'ஆபத்து இல்ல, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு பெட்டி மேலயே எழுதி இருக்குதே, படிக்கலையா?"

"எந்த பாஷையில எழுதின?"

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்ல."

"அப்போ இது எந்த ஊர்ல வந்து விழும்னு நெனச்ச?"