கரும்பலகை தெரிந்த அடுப்படி

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை சிரம்போ அம்மையார் அவர்களே, மலையிறங்கி வந்து முன்வரிசையில் மூச்சு வாங்கும் ஊர்ப் பெரியவர்களே, முதுகில் பிள்ளையும் முகத்தில் வெயிலுமாய் வீற்றிருக்கும் தாய்மார்களே, கஞ்சி எப்போது வரும் என்று கண்ணாலேயே கேட்கும் என் கண்மணிகளே, சமையற்காரி தமந்தாவின் வணக்கம்.

சோம்பா மலையடியில் புகை வராத புதுச் சமையற்கூடம் திறக்கிறோம். மகிழ்ச்சி, மனமார்ந்த மகிழ்ச்சி. ஆனால் எனக்கொரு மனக்குறை உண்டு. பழைய அடுப்படிக்கு ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் முதலாம் படிவ வகுப்பு. அங்கே முவாலே டீச்சரின் கரும்பலகை. மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் இந்தக் கட்டடத்திலிருந்து அது தெரியாது. அதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

கஞ்சி கிண்டும் துடுப்பைப் பிடித்தபடி எத்தனை காலை அந்தப் பலகையைப் பார்த்து நின்றிருப்பேன்? எண்களுக்கு நடுவே ஓர் எழுத்து. எக்ஸ் என்றார் டீச்சர். எண்கள் கூடி நிற்கும் இடத்தில் எழுத்துக்கு என்ன வேலை? அழையாத விருந்தாளியா? அளவு தெரியாத ஆளா? ஆம், அளவு தெரியாத ஆள்தான். "தெரியாததைத் தனியா நிறுத்துங்க. ஒரு பக்கம் எதைச் செஞ்சாலும் மறுபக்கமும் செய்யுங்க" என்பார். ஏன் மறுபக்கமும்? வெங்காயம் நறுக்கும்போதும் அந்த 'ஏன்' என்னை விடவில்லை.

விடை கிடைத்தது ஒரு தேர்வு நாள் காலையில். நூறு மாணவிகளுக்குக் கஞ்சி. பத்துச் சுரைக்குடுவை மாவு போட்டால்தான் பதம். பதினெட்டு வருடமாய் அதுவே அளவு. அன்று பார்த்து என் அடுப்படி உதவியாள் எஸ்நாத் மிதித்து, இருந்த ஒரே குடுவை சுக்குநூறு. பின்வரிசையில் தலைகுனியும் எஸ்நாத், ஓடிவிடாதே. உன் கதை இன்னும் இருக்கிறது.

மிஞ்சியது ஒரு தகரக் குவளை. ஒரு குடுவைக்கு எத்தனை குவளை? யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றே. முந்தின நாள் மாவு டின்னை நிரப்பியது நான். நாலு குடுவை போட்டேன், ஐந்தாவதுக்கு இடமில்லை, மேலே மூன்று குவளை போட்டதும் விளிம்பு தட்டியது. இப்போது டின்னைக் கவிழ்த்துக் குவளையால் அளந்தோம். இருபத்து மூன்று.

"அக்கா, இருபத்து மூணை நாலா பங்கு போடு. ஆறுகிட்ட வருது. பத்துக் குடுவைக்கு அறுபது. கொட்டிரலாமா?"

"கொட்டு. அப்புறம் கஞ்சியைச் செங்கல் அச்சுல ஊத்திச் சுவர் கட்டலாம்."

"அப்ப நீயே சொல்லேன்."

"அந்த மூணு குவளை, குடுவையிலயா வந்துச்சு?"

"இல்ல, தனியா போட்டது."

"அப்ப அதைத் தனியா எடுத்து வை."

எடுத்து வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்பர்களே. நாலு குடுவையும் மூன்று குவளையும் என்பதும் அதே மாவு. இருபத்து மூன்று குவளை என்பதும் அதே மாவு. ஒரே மாவு, இரண்டு பேச்சு. மாவில் மூன்று குறைந்தால் இரண்டு பேச்சிலும் மூன்று குறைந்துதானே ஆக வேண்டும்? ஒன்றில் குறைத்து மற்றதில் மறைத்தால் அது கணக்கா, களவா? இந்தப் பக்கம் நாலு குடுவை மட்டும். அந்தப் பக்கம் இருபது குவளை. குடுவைக்கு ஐந்து.

"சரின்னு எப்படித் தெரியும்?" என்றாள் எஸ்நாத்.

"திருப்பிப் போடு. நாலஞ்சு இருபது, மேல மூணு."

"இருபத்து மூணு." டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதை யாருக்கா உனக்குச் சொன்னா?"

"ஜன்னல்."

டின் மாவு போக மீதியை மூட்டையிலிருந்து அளந்து ஐம்பது குவளை போட்டோம். கஞ்சி கட்டியில்லாமல் வழுவழுவென்று இறங்கியது. சிரம்போ அம்மையாரே, அன்று நீங்கள் இரண்டாவது கிண்ணம் வாங்கினீர்கள். நான் பார்த்தேன்.

புகையை வகுப்பிலிருந்து விலக்கினீர்கள், நன்றி. புகையோடு சேர்த்து என்னையும் விலக்கிவிட்டீர்களே, அது நியாயமா? கட்டடம் கேட்கவில்லை, கடிகாரம் கேட்கவில்லை, கழுத்துக்கு மாலை கேட்கவில்லை. கஞ்சி ஊற்றி முடித்தபின் வந்து உட்கார, முதலாம் படிவத்தின் கடைசி வரிசையில் ஒரு பெஞ்சு கேட்கிறேன். இருவர் உட்காரும் பெஞ்சாக இருக்கட்டும். நேற்று எஸ்நாத் என்னிடம் கேட்டாள்: "அக்கா, ரெண்டு பக்கமும் எக்ஸ் இருந்தா என்ன செய்ய?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

பசியோடும் பொறுமையோடும் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கஞ்சி தயார், வாருங்கள். வணக்கம்.