வலக்கன்னத்துத் தாடி

மார்ச் 12, புதன்கிழமை, காலை எட்டு இருபது, தூறல். பலேர்மோ துறைமுகத்தில் நான் ஏறிய பேருந்தில் பதினொரு பேர் நின்றார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு தமிழரில் இளையவர் மற்றவரைக் கேட்டார்:

“அண்ணை, கோயில் நேர்த்தி எண்டால் முழுத் தாடியெல்லோ வளக்க வேணும். இதென்ன வலப்பக்கம் மட்டும்?”

“நேர்த்தியில்லையடா. அந்தப் பக்கம் பிளேட் பட்டால் கரண்ட் அடிச்ச மாதிரி. முகத்து நரம்பை ரத்தக்குழாய் ஒண்டு அழுத்துதாம்.”

“மருந்து?”

“இப்ப கேக்குதில்லை. காதுக்குப் பின்னாலை திறந்து, ரெண்டுக்கும் நடுவிலை பஞ்சு மாதிரி ஒண்டு வைப்பினமாம். இண்டைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேணும். அந்தக் காது கேக்காமலும் போகலாமாம்.”

“வீட்டிலை அக்கா ஏசிறது பாதிதான் கேக்கும்.”

“அவள் மற்றப் பக்கத்தாலை வந்து ஏசுவாள்.”

“அப்ப போடுறியளோ?”

“பள்ளிக்கூட வாசலிலை எல்லாப் பிள்ளையளும் தேப்பன்மாரை ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சுதுகள். என்ரை மகள் இடப்பக்கத்தோடை நிப்பாட்டுறாள். போடத்தான் வேணும். தனியப் போகத்தான் பயமாக் கிடக்கு.”

கபோ சந்தை நிறுத்தம் வந்தது. இளையவருக்கு அங்கே மீன்கடையில் வேலை. பிந்திவிட்டது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஆனால் எழும்பவில்லை.

“நீ இறங்கேல்லையோ?”

“முதலாளியிட்டைப் பேச்சு வாங்க எனக்கு ரெண்டு காதும் இருக்கு. நானும் வாறன்.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். நான் இறங்க வேண்டிய இடம் நான்கு நிறுத்தங்களுக்கு முன்பே போய்விட்டது. நானும் இறங்கித் திரும்பும் பேருந்துக்கு மழையில் காத்து நின்றதில் டிக்கெட்டின் நேரமும் முடிந்தது. புது டிக்கெட் ஒரு யூரோ நாற்பது சதம்.