நல்லசிவம் வீட்டு ரோபோ ஓடாத மூன்று நாட்கள்

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா?... சரி. வீடு பெருக்கும் ரோபோவின் பேட்டரி சீக்கிரம் போய்விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார் நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. அதனால் தாளில் நான்காகப் பிரித்து எழுதி வந்திருக்கிறேன்.

1. பேட்டரியை முழுக்கக் காலியாக விடக்கூடாது.
2. பிரஷில் சுற்றிய முடியை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். சார்ஜ் ஏறும் தகடுகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.
3. வேலை முடிந்ததும் அது சார்ஜ் ஏறும் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். ஸ்டாண்டின் சுவிட்சை அணைக்கக்கூடாது.
4. தினமும் ஓட்ட வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். ஒரு பேட்டரி இத்தனை முறைதான் சார்ஜ் ஏறும் என்று ஓர் அளவு இருக்கிறது. குறைவாக ஓட்டினால் நிறைய நாள் வரும்.

இதில் மூன்றாவது ஏன் என்பதற்கு ஒரு குட்டிக் கதை வைத்திருக்கிறேன். கதை என்று சொல்வது சரியா, தெரியவில்லை. நடந்ததுதான். "சொல்லிக்குங்க" என்று அனுமதி கொடுத்தவர், இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை.

சி பிளாக் நல்லசிவம். உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது, இல்லையா? முப்பத்தாறு வருடம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவி போய் இரண்டு வருடம். ஒரே மகள் சுகந்தி, மெல்போர்னில் இருக்கிறாள். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அடுத்த முறை வந்தபோது அந்த ரோபோவை வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

காலை ஏழு மணிக்கு நல்லசிவம் பொத்தானை அமுக்குவார். அது வீட்டைச் சுற்றிவிட்டு ஸ்டாண்டில் போய் ஏறும். ஏறி அரை மணி ஆனதும் இவர் என்ன செய்வார்?... சுவிட்சை அணைத்துவிடுவார்! மில்லில் ஷிப்ட் முடிந்தால் அணைத்துவிட்டுத்தானே வெளியே வருவார்? நாம் மட்டும் என்ன? டிவி, மிக்ஸி, போன் சார்ஜர்... அணைக்காமல் நமக்குத் தூக்கம் வருகிறதா? அந்த ரோபோ நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடத்தில் பேட்டரி போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை காலை எனக்கு போன் வந்தது.

"அங்கிள், நான் சுகந்தி. அப்பாவைக் கொஞ்சம் போய்ப் பாக்கறீங்களா?"

"என்னம்மா ஆச்சு?"

"மூணு நாளா ரோபோ ஓடலை அங்கிள்!"

எனக்குப் புரியவில்லை. இதற்கு அழுவார்களா? "அதுக்கு மெக்கானிக்கைத்தானேம்மா கூப்பிடணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"அது ஓடி முடிச்சா என் போனுக்குத் தகவல் வரும். அப்பா எந்திரிச்சிட்டாருன்னு அதை வெச்சுத்தான் எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டா, 'நல்லா இருக்கறன் சாமி, வெச்சர்றேன்'னு வெச்சிருவார். இன்னைக்கு அதுவும் இல்லை. அடிச்சுட்டே இருக்கு... எடுக்கலை."

இரண்டு மாடி ஏறினேன். மணியை அடித்தேன்... சத்தம் இல்லை. மறுபடி அடித்தேன்... இல்லை. அப்படி ஒரு கதவை நாம் எல்லோரும் மனதுக்குள் பார்த்திருக்கிறோம், இல்லையா?

கதவு திறந்தது. கையில் ஸ்குரூ டிரைவரோடு நல்லசிவம்! பின்னால் தரையில் செய்தித்தாள் விரித்து, ரோபோவைக் குப்புறப் போட்டு, பிரஷ், சக்கரம், திருகு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தார். பிரஷில் ஒரு முடி இல்லை. பஞ்சு பறக்கிற இடத்தில் மெஷின் துடைத்த கை அது.

"போயிருச்சுங்க."

"எதுங்க?"

"இதுதானுங்க. எல்லாம் தொடைச்சுப் போட்டேன். உசுரே வரமாட்டேங்குது."

"போனை ஏனுங்க எடுக்கலை?"

"அது சமையக்கட்டுல கெடக்குது. நம்மள யாருங்க கூப்பிடப் போறாங்க?"

என் போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"அப்பா!"

"நல்லா இருக்கறன் சாமி, வெச்..."

"வெக்காதீங்கப்பா! அது ஓடுற அன்னைக்கெல்லாம், எங்கெங்க பெருக்குச்சுன்னு வீட்டோட படம் எனக்கு வருது. அம்மா ரூம் ஒரு நாள்கூட அதுல வந்ததில்லை. கதவைத் தொறக்கறதே இல்லையா? எங்கப்பா படுக்கறீங்க?"

நல்லசிவம் என்னைப் பார்த்தார். ஹாலில் போர்வை மடித்து வைத்திருந்த சோபாவைப் பார்த்தார். "அந்தப் பொட்டி இதெல்லாமா சொல்லுது?" என்று மட்டும் கேட்டார்.

புது பேட்டரி போட்டோம். சுவிட்சின் மேல் நானே டேப் ஒட்டினேன். இந்த நான்கு விதிகளையும் எளிதாகப் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மில்லில் இருந்தவர் அல்லவா? ஒன்று விடாமல் கடைப்பிடிக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஸ்டாண்டில் நிற்பது வேறு, சார்ஜ் ஏறுவது வேறு. நாமும் நூற்றிருபது வீடுகளுக்கு நடுவில்தான் நிற்கிறோம். பிள்ளைகள் கூப்பிடத்தான் செய்கிறார்கள். "நல்லா இருக்கேன், வெச்சிடறேன்" என்று சுவிட்சை அணைப்பது யார்? நாம்தானே? அணைக்காதீர்கள். அடுத்த வார்த்தை வரட்டும், இரண்டு நிமிடம் விட்டுவையுங்கள்.

இத்தோடு முடிக்கலாம் என்றுதான் தாளில் இருக்கிறது. ஆனால்... நேற்று சுகந்தி மறுபடி கூப்பிட்டாள். "அங்கிள், மூணு நாளைக்கு ஒருக்கா ஓட்டினாப் போதும்னு நீங்கதான் சொன்னீங்களாமே? நடுவுல அந்த ரெண்டு நாள் நான் என்ன பண்றது?"

"பேட்டரி ரொம்ப நாள் வரும்மா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். சற்று முன் உங்களிடம் வாசித்தபோதும் அதைச் சரி என்றே நினைத்தேன். கதையைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் இடறுகிறது. பேட்டரி கூடுதலாக ஒரு வருடம் வரும், உண்மைதான். அந்த ஒரு வருடம் யாருக்கு?

இன்று அங்கே ரோபோ ஓடாத நாள். மெல்போர்னில் இந்நேரம் சாயங்காலம் ஆகியிருக்கும். மேடையை விட்டு இறங்கியதும் நேரே சி பிளாக்குக்குத்தான் போகிறேன். நீங்களும் குறித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான்காவது தப்பு.