குலுக்கலில் விழுந்த பேர்

சண்முகவேல்: ...நில்லு இசக்கி. ஏட்டி, நில்லுன்னு சொல்லுதேன்ல!

இசக்கியம்மாள்: நிக்கக் கூடாதுங்க. நின்னா மூச்சு பழகாது.

சண்முகவேல்: பழகுறது இருக்கட்டும், இருக்கிற மூச்சும் போயிரும் போலருக்கு. இந்தப் பார்க் பெஞ்சுல செத்த உக்காருவோம்.

இசக்கியம்மாள்: இப்பதான் மூணாவது சுத்து.

சண்முகவேல்: மூணா? நான் ஏழு எண்ணிட்டேனே.

இசக்கியம்மாள்: ஏழு முடிஞ்சிருந்தா இந்நேரம் வீட்டுல இட்லி தின்னுட்டு இருப்போம்.

சண்முகவேல்: அப்ப நான் எண்ணலட்டி. வயிறு எண்ணியிருக்கு.

இசக்கியம்மாள்: உக்காருங்க. ரெண்டே நிமிஷம்.

சண்முகவேல்: உலகத்துல எவனாவது கைலாச மலைக்குப் போறதுக்கு தி.நகர்ல நடந்து பழகுவானா? இங்க ஏத்தம்னு ஒண்ணு உண்டா? மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு ஒண்ணுதான் ஏத்தம். நேத்து அங்க ஏறையில ஒரு பொம்பள இடுப்புல பிள்ளையோட என்னைய ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டா. நான் பாதியில கம்பியப் பிடிச்சிக்கிட்டு ரயில் பாக்குற மாதிரி நின்னேன்.

இசக்கியம்மாள்: நானும் பாத்தேன். ரயிலே வரல.

சண்முகவேல்: ...பின்னாலதான் நின்னியா?

இசக்கியம்மாள்: மேல நின்னேன்.

சண்முகவேல்: சரி விடு. காலைல எடை மிஷின்ல என்ன காட்டுச்சு? அதச் சொல்லு.

இசக்கியம்மாள்: எம்பத்தொண்ணு.

சண்முகவேல்: பாத்தியா! எம்பத்தாறுல இருந்து எறக்கியிருக்கேன்!

இசக்கியம்மாள்: எழுவதுக்கு வரணும். கவர்மெண்டு குலுக்கல்ல பேரு விழுந்தாலும், உசரத்துக்குத் தக்க எடை இல்லன்னா டெல்லி டாக்டருங்க அங்கயே திருப்பி அனுப்பிருவாங்கன்னு லாவண்யா படிச்சுக் காட்டுனால்ல?

சண்முகவேல்: நம்ம மருமவ படிச்சுக் காட்டுறது பூராவும் என்னைய பயங்காட்டத்தான். எடையக் கொறைக்கது கஷ்டம். உசரத்தக் கூட்ட ஏதும் வழி இருக்கான்னு அவகிட்ட கேளு.

வேலு: இன்னா அண்ணாச்சி, அதுக்குள்ள குந்திக்கினீங்க? வணக்கம் அண்ணி.

இசக்கியம்மாள்: வா வேலு. ஜூஸ் வண்டிய கேட்டுல விட்டுட்டு உள்ள வந்துட்டியே. ரெண்டு அருகம்புல் ஜூஸ் குடு.

வேலு: அண்ணாச்சிக்குமா? அவுரு எப்பவும்...

சண்முகவேல்: வேலு!

வேலு: ...ஜூஸ்தான் அண்ணி. ஜூஸ் மட்டும்தான்.

இசக்கியம்மாள்: வேற என்ன சாப்பிடுவாரு?

வேலு: எனக்கு இன்னா தெரியும்? நான் பாட்டுக்கு ஜூஸ் போட்டுக்கினு கீறேன். போண்டா பக்கத்து வண்டிதானே.

சண்முகவேல்: நல்லா இருப்பே நீ.

வேலு: அண்ணாச்சி, நான் வந்த விஷயமே வேற. உங்க அரிசிப் பை மூணு நாளா நம்ம வண்டிக்குக் கீழ கீது. எறும்பு வந்துட்ச்சு. எடுத்துக்கினு போங்க.

இசக்கியம்மாள்: அரிசிப் பையா? சொமையோட நடந்தாத்தான் பழகும்னு நாலு கிலோ கட்டிக் குடுத்தேனே... அப்ப முதுகுல மாட்டியிருக்கீங்களே, இதுல என்ன?

சண்முகவேல்: தலவாணி.

இசக்கியம்மாள்: தலவாணி...

சண்முகவேல்: பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கு.

வேலு: நான் அப்பால வர்றேன் அண்ணி. அண்ணாச்சி, மறந்துடாதீங்க, நம்ம பாட்டில்ல பேரு எழுதிக் குட்த்துருக்கேன். அந்த மானசரோவர் தண்ணி ரொப்பிக்கினு வரணும். பொண்ணுக்குக் கண்ணாலம் கூடல, அதான்.

சண்முகவேல்: கொண்டாரேன், போ.

இசக்கியம்மாள்: வேலுவோட சேத்து எத்தன பாட்டில்?

சண்முகவேல்: நாப்பத்தி ரெண்டு. நம்ம ரங்கநாதன் தெருவுல பாட்டில் குடுக்காதவன் ஒருத்தன்தான். அவன் கேன் குடுத்துட்டான்.

இசக்கியம்மாள்: யாரு?

சண்முகவேல்: வேற யாரு, எதுத்த கடை வெள்ளைத்துரைதான். பத்து லிட்டர் கேன். கூடவே பொன்னாடை வேற போத்தி, 'அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசனுக்குத்தான் அந்தப் பாக்கியம்'னான். வீட்டுல வந்து மடிக்கையில பாக்கேன், நம்ம ஜவுளிக்கடைத் துண்டு.

இசக்கியம்மாள்: தெரு முக்குல பேனரும் வச்சிட்டாங்க.

சண்முகவேல்: அத ஏன் கேக்க. பத்து வருசத்துக்கு முந்தின படம். கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நான் முன்னால நிக்கேன், கைலாச மலை எனக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கு.

இசக்கியம்மாள்: எம் படம் இல்ல.

சண்முகவேல்: இல்லியா? கீழ ஏதோ போட்டிருந்தானே.

இசக்கியம்மாள்: 'மற்றும் குடும்பத்தினர்'னு போட்டிருக்கு. அது நான்தான்.

சண்முகவேல்: ...மாத்திப் போடச் சொல்லுதேன்.

இசக்கியம்மாள்: வேண்டாம். எந்திரிங்க, நாலாவது சுத்து.

சண்முகவேல்: இரு இரு. இசக்கி... நான் என்ன நெனைக்கேன்னா...

இசக்கியம்மாள்: சொல்லுங்க.

சண்முகவேல்: நாம டெல்லிக்குக் கெளம்புறது ஆனி கடைசி. வந்து சேரையில ஆடி பாதி போயிருக்கும். ஆடித் தள்ளுபடி நேரத்துல மொதலாளி கல்லாவுல இல்லன்னா...

இசக்கியம்மாள்: வந்துட்டா ஆடி?

சண்முகவேல்: இல்லட்டி, சும்மா சொன்னேன்.

இசக்கியம்மாள்: முப்பத்தோரு ஆடி ஆச்சுங்க. அந்த மலையையும் ஏரியையும் ஒரு தடவ கண்ணால பாக்கணும்னு நான் மொதல்ல கேட்டப்ப நம்ம மவன் ஆனந்தகுமார் கைப்பிள்ள. 'யாத்திரை போற மாசமும் நம்ம தள்ளுபடி மாசமும் ஒண்ணா வருது இசக்கி, அடுத்த வருசம் பாப்போம்'னீங்க. அன்னையில இருந்து அடுத்த வருசந்தான். நடுவுல அஞ்சு வருசம் யாத்திரையே நின்னு போச்சு. இப்ப எனக்கு முட்டு முனங்க ஆரம்பிச்சிட்டு. இந்தத் தடவ விட்டா அப்புறம் எனக்கு இல்ல.

சண்முகவேல்: நான் போக வேண்டாம்னா சொன்னேன்? கடைய யாரு பாப்பான்னுதான...

இசக்கியம்மாள்: உங்க மவன் பாப்பான். போன வாரம் நீங்க ரெண்டு நாள் கடைக்குப் போகல. யாவாரம் நல்லா ஓடுச்சாம்.

சண்முகவேல்: அத அவன் எங்கிட்டச் சொல்லவே இல்லியே!

இசக்கியம்மாள்: எங்கிட்டச் சொன்னான்.

சண்முகவேல்: நல்ல பிள்ள பெத்தோம்... சரி, குளிரு? நான் மார்கழிக்கே காதுல பஞ்சு வைக்கிற ஆளு.

இசக்கியம்மாள்: தெர்மல் உடுப்பு எடுத்துக் குடுத்தேனே. போட்டுப் பாத்தீங்களா?

சண்முகவேல்: பாத்தேன். கதவப் பூட்டிக்கிட்டு. கண்ணாடில கேஸ் சிலிண்டருக்கு உறை போட்ட மாதிரி இருந்துச்சு.

இசக்கியம்மாள்: அங்க உங்கள யாரு பாக்கப் போறா? எல்லாரும் மலையத்தான் பாப்பாங்க.

சண்முகவேல்: நீ எதுக்கும் ஒரு பதில் வச்சிருக்க.

இசக்கியம்மாள்: நீங்க காலையில இருந்து எதையோ சுத்திச் சுத்தி வாரீங்க. பார்க்கைச் சுத்தச் சொன்னா அத மட்டும் சுத்த மாட்டேங்கீங்க. என்னன்னு சொல்லுங்க.

சண்முகவேல்: கோவப்படக் கூடாது.

இசக்கியம்மாள்: போண்டாவுக்கா?

சண்முகவேல்: போண்டாவ விடு... பத்து நாளைக்கு முந்தி, சிந்தாதிரிப்பேட்டைல ஒருத்தரப் பாக்கப் போறேன்னு சொன்னேன்ல?

இசக்கியம்மாள்: ஆமா.

சண்முகவேல்: அங்க போகல. அடையாறுல ஒரு டாக்டர்ட்ட போனேன். டெல்லில போயி நாலு பேரு முன்னால அசிங்கப்படுறதுக்கு, இங்கயே ஒரு தடவ பாத்துக்கிடுவோம்னு.

இசக்கியம்மாள்: எங்கிட்டச் சொல்லாமலா?

சண்முகவேல்: பாஸ் ஆயிட்டுன்னு வந்து சொல்லலாம்னு இருந்தேன். ஓடுற பெல்ட்டுல ஏத்திவிட்டாங்க. நாலு நிமிஷம். மிஷின் தானா நின்னுட்டு.

இசக்கியம்மாள்: மிஷின் எப்படிங்க தானா நிக்கும்?

சண்முகவேல்: ...அங்க நின்ன நர்ஸ் பிள்ள என் மொகத்தப் பாத்துட்டு நிறுத்திட்டா.

இசக்கியம்மாள்: ஐயோ... டாக்டர் என்ன சொன்னாரு?

சண்முகவேல்: எதுக்கு இந்த டெஸ்ட்டுன்னு கேட்டாரு. கைலாசத்துக்குப் போறேன்னேன். சிரிச்சாரு. நான் சிரிக்கலன்னதும் அவரும் நிறுத்திட்டாரு. 'மாத்திரையப் போட்டுக்கிட்டு, தரையில நடந்துக்கிட்டு, வாயக் கட்டுனா நூறு வயசு இருப்பீங்க. மலைய மட்டும் மறந்துருங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னுட்டாரு.

இசக்கியம்மாள்: இப்ப நெஞ்சு வலிக்கா?

சண்முகவேல்: நெஞ்சு வலிக்கல. மானம்தான் வலிக்கு.

இசக்கியம்மாள்: வெளாடாதீங்க. கையக் குடுங்க... மாத்திரை வாங்கினீங்களா?

சண்முகவேல்: கடைல கல்லாவுக்குள்ள இருக்கு. வேளை தப்பாமத் திங்கேன்.

இசக்கியம்மாள்: பத்து நாளா... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா உங்களுக்கு?

சண்முகவேல்: தெனம் வாயெடுப்பேன். சொன்னா நீ என்ன சொல்லுவ? 'அப்ப நானும் போகல, ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்துருவோம்'ம்ப. முப்பத்தோரு வருசம் ஆடியச் சொல்லி நிறுத்துனேன். இப்ப என் ஒடம்பச் சொல்லியும் நிறுத்தணுமா? அதான் பயமா இருந்துச்சு. நீ போகணும் இசக்கி. தனியா போறதுக்குப் பயப்படாத. கூட அம்பது பேரு வாராங்க, டாக்டரும் வாராரு. நீ போயிட்டு வா.

இசக்கியம்மாள்: தெருவுக்கு என்ன சொல்லுவீங்க?

சண்முகவேல்: தெருவப் பத்திக் கவலப்படாத. அதுக்கும் வழி யோசிச்சு வச்சிட்டேன்.

இசக்கியம்மாள்: என்ன வழி?

சண்முகவேல்: நீ டெல்லிக்குப் போற அன்னைக்கு நானும் மாலையும் கழுத்துமா வீட்ட விட்டுக் கெளம்புதேன். நீ ஏர்போர்ட்டுக்குப் போ. நான் எழும்பூர்ல ராத்திரி ரயில்ல ஏறி குத்தாலத்துக்குப் போயிருதேன். லாட்ஜ்ல ரூம். மூணு வாரம். தாடி விட்டுருவேன். சாரல்ல நனஞ்சு மூக்கெல்லாம் அடைச்சு, ஆளே மெலிஞ்சு, உன்னோட சேந்தே தெருவுக்குள்ள வாரேன். எவனுக்குத் தெரியும்?

இசக்கியம்மாள்: குத்தாலத்துல அப்ப சீசன்.

சண்முகவேல்: அதான் சொல்லுதேன், நல்ல குளிரு!

இசக்கியம்மாள்: சீசனுக்கு நம்ம தெருக் கடைக்காரங்க பாதிப் பேரு அங்கதான் அருவில நிப்பாங்க. வெள்ளைத்துரை வருசா வருசம் போவாரு.

சண்முகவேல்: ...அத நான் யோசிக்கல.

இசக்கியம்மாள்: நடந்ததச் சொல்லிருங்க. டாக்டர் போக வேண்டாம்னுட்டாரு, அவ போறான்னு சொல்லுங்க.

சண்முகவேல்: அவன் போத்துன துண்டத் திருப்பிக் கேப்பான்... சரி. சொல்லிருதேன். நீ போறியா, மாட்டியா? அத மொதல்ல சொல்லு. ஏன் தலையக் குனிஞ்சிருக்க? அழுதியா?

இசக்கியம்மாள்: இல்ல. எனக்கும் ஒண்ணு சொல்லணும்.

சண்முகவேல்: சொல்லேன்.

இசக்கியம்மாள்: நீங்களும் கோவப்படக் கூடாது.

சண்முகவேல்: நீயும் போண்டாவா?

இசக்கியம்மாள்: விண்ணப்பத்துல உங்க பேரே இல்லங்க.

சண்முகவேல்: என்னது?

இசக்கியம்மாள்: என் பேரு மட்டுந்தான் போடச் சொன்னேன். லாவண்யாதான் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா.

சண்முகவேல்: குலுக்கல்ல பேரு வந்துட்டுன்னு வாயில சீனியப் போட்டியே!

இசக்கியம்மாள்: பேரு வந்துட்டுன்னுதான் சொன்னேன். யாரு பேருன்னு நீங்க கேக்கல. சீனிய முழுங்கறதுக்குள்ள செருப்ப மாட்டிக்கிட்டுத் தெருவுக்குச் சொல்லப் போயிட்டீங்க. திரும்பி வரையில கழுத்துல பொன்னாடை, கையில பத்து லிட்டர் கேனு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்ல?

சண்முகவேல்: அப்ப என் பாஸ்போர்ட்?

இசக்கியம்மாள்: லாவண்யா அலமாரியில இருக்கு. வாங்கி வச்சது வச்சபடி.

சண்முகவேல்: எடையக் கொற, நடன்னு இந்தப் பாடு படுத்துனது?

இசக்கியம்மாள்: அது உங்க ஒடம்புக்கு நல்லதுன்னுதான். நீங்க டெல்லி டெல்லின்னு பேசையிலெல்லாம், இன்னைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு நானும் தள்ளிக்கிட்டே வந்தேன்.

சண்முகவேல்: நல்லா இருக்குட்டி. உன்னையத் தனியா அனுப்பணுமேன்னு பத்து நாளா நான் உறங்கல. நீ என்னன்னா என்னைய விட்டுட்டுப் போறதுக்கு எப்பவோ பேரு குடுத்துட்ட... நெசமாச் சொல்லு. நான் கூட வந்தா உனக்கு அவ்வளவு பாரமா?

இசக்கியம்மாள்: பாரம்னு சொல்லலங்க. எட்டு வருசம் முந்தி கேதார்நாத் போனோமே. சன்னதிக்குள்ள போற நேரம் உங்களுக்கு மூச்சு முட்டிட்டு. நான் மஃப்ளர அவுத்தேன், கையத் தேச்சுவிட்டேன், முதுகத் தடவுனேன். நீங்க என் தோள்ல சாஞ்சுக்கிட்டே எட்டிப் பாத்துக் கும்பிட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு நான் உங்க மொகத்தையே பாத்துட்டு நின்னேன். அதுக்குள்ள பின்னால வந்தவங்க தள்ளி, வெளிய வந்துட்டோம். நான் சாமியப் பாக்கவே இல்லங்க. ஊர்ல வந்து எல்லாரும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. நீங்க சொன்னத அப்படியே நானும் சொன்னேன், இன்னைய வரைக்கும் அதத்தான் சொல்லுதேன்... இந்த ஒரு மலைய நான் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்லுதேங்க.